அம்பா, ஊதுகுழலா, வலையா? மண்ணைக் கேட்டால் தெரியும்

வேட்டைக் கருவிகளில் எது சிறந்தது என்று கேட்டால், எந்த மண்ணில் என்று நான் திருப்பிக் கேட்பேன். கால்தடம் பதிகிற மண்ணா, பதியாத மண்ணா? அது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

தென்னாப்பிரிக்கப் பகுதியிலுள்ள கலகாரி பாலைநில மணலில் தடம் நன்றாகப் பதியும். அங்கே வாழும் சான் மக்களின் வில் சிறியது, அதில் வேகமும் குறைவு. அம்பின் வேலை நஞ்சை உள்ளே சேர்ப்பது மட்டும்தான். டயம்ஃபிடியா என்ற வண்டின் புழுக்களைப் புதரடியில் தோண்டி எடுத்து, அவற்றின் சாற்றைத் தடவுகிறார்கள். கூர்முனையில் அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால். கை தவறிக் கீறிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த எச்சரிக்கை. அம்பு தைத்ததும் தண்டு கழன்று விழும். முனை மட்டும் உடலில் தங்கிவிடும்.

இந்த நஞ்சு மெல்லத்தான் ஏறும். பெரிய விலங்கு சாய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆனாலும் கவலையில்லை. காலையில் வந்து தடத்தைப் பிடித்துப் போனால் போதும். கொளுத்தும் வெயிலில் இன்னொரு வழியும் உண்டு: கூடூ மானை 2 முதல் 5 மணி நேரம் விடாமல் துரத்தி, உடல் சூடேறி அது நின்றுவிடும்வரை ஓடுவது. அதற்கும் மணலில் பதிந்த தடம்தான் துணை.

இதே நஞ்சை அமேசான் காட்டுக்குக் கொண்டுபோனால் ஒன்றுக்கும் உதவாது. குரங்கு இருப்பது மர உச்சியில். கிளைக்குக் கிளை தாவிப் போகிறதைத் தடம் பார்த்துப் பின்தொடர முடியுமா? அங்கே நஞ்சு நிமிடங்களில் வேலை செய்தாக வேண்டும். ஈக்வடாரின் வாவ்ரானி மக்கள் சுமார் 3 மீட்டர் நீள ஊதுகுழலில் குராரே என்ற நஞ்சு தடவிய ஊசியை ஊதுகிறார்கள். குராரே தசைகளைத் தளர்த்திவிடும், அதனால் குரங்கு கிளையைப் பற்றிக்கொள்ள முடியாமல் கீழே விழுகிறது. சத்தம் இல்லாததால் பக்கத்துக் குரங்கும் மிரள்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

காங்கோவின் இத்தூரிக் காடு வேறு மாதிரி. டைக்கர் என்ற குட்டி மான் தரையில்தான் இருக்கிறது, ஆனால் அடர்ந்த புதருக்குள் கண்ணுக்கே தெரியாது. அதனால் ம்புட்டி மக்கள் கொடிநாரில் பின்னிய வலைகளை அரைவட்டமாக வரிசையாய்க் கட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பெண்களும் பிள்ளைகளும் கூச்சலிட்டு மானை வெளியே கிளப்புகிறார்கள். ஆள்பலம் நிறைய வேண்டும், அதுதான் இதன் குறை.

சரி, எல்லாவற்றையும் நிலமே தீர்மானிக்கிறதா? அப்படியும் சொல்ல முடியவில்லை. அதே இத்தூரியில் வாழும் எஃபே மக்கள் வலையை விட்டு வில்லைத்தான் எடுக்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் பக்கத்து ஊர்த் தோட்டங்களில் வேலைக்குப் போய் உணவு ஈட்டுவதால் வலைக்கு வேண்டிய ஆள் சேர்வதில்லை என்பது ஒரு விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது.