நடுராத்திரியில் எந்த நம்பருக்கு முதலில் அடிப்பது?

ராத்திரி ஒரு மணி இருக்கும். எங்கள் நாய் எலிமருந்துப் பொட்டலத்தைக் கடித்துக் குதறி, பச்சைத் துகள்களைத் தரையெல்லாம் இறைத்து வைத்திருந்தது. கை தானாக நாயின் வழக்கமான டாக்டரின் நம்பரைத் தேடியது. இரண்டு தடவை முழுசாக மணி அடித்து நின்றது. அவர் மேல் தப்பில்லை, தூங்குகிற நேரம். என் போனில் வேறு ஒரு நம்பரும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அதற்கப்புறம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெட்டேன். அவசரத்தில் நமக்குக் கைகொடுக்கக் கூடியவை: வழக்கமான டாக்டர், 24 மணி நேரக் கால்நடை ஆஸ்பத்திரி, பிராணிகளுக்கான விஷ ஹெல்ப்லைன், வீடியோ ஆலோசனை, போனில் இருக்கும் ஆப். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை. தப்பான இடத்தில் கேட்டால் நல்ல பதில் வராது, நேரம்தான் போகும்.

வழக்கமான டாக்டருக்கு இருக்கும் பலம் வேறு யாருக்கும் கிடையாது. பிராணியின் எடை, பழைய வியாதி, இப்போது சாப்பிடும் மாத்திரை எல்லாம் அவருக்குத் தெரியும். பகலில் என்றால் முதல் போன் அவருக்குத்தான். ராத்திரியில் அந்தப் பலம் நமக்கு உதவாது. அதனால் அடுத்த முறை ஊசி போடப் போகும்போது, "உங்க நேரம் முடிஞ்சதும் நாங்க யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டு வாங்கி வையுங்கள். கிளினிக் மூடிய பிறகு ஓடும் பதிவுக் குரலையும் கடைசிவரை கேளுங்கள். ராத்திரி எங்கே போக வேண்டும் என்பதைப் பல இடங்களில் அதில்தான் சொல்லியிருப்பார்கள்.

24 மணி நேர ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "கொண்டு வாங்க" என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. சில நிலைமைகளில் போனில் பேசிக்கொண்டிருப்பதே ஆபத்து. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவுமே வராமல் தவிக்கும் நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். லிட்டர் பாக்ஸில் (வீட்டுப் பூனை மலஜலம் கழிக்கும் தட்டு) திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டு மூத்திரம் வராத ஆண் பூனைக்கு அடைப்பு இருக்கலாம், விட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். 5 நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை, வெளுத்துப்போன ஈறு, இவையும் அப்படித்தான். இதில் எதைப் பார்த்தாலும் வேறு எங்கும் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். போன் செய்வது நாம் வருவதைச் சொல்ல: "12 கிலோ நாய், 6 நிமிஷமா வலிப்பு நிக்கல, 20 நிமிஷத்துல வந்துடுவோம்." இவ்வளவு சொன்னால் போதும், ஆக்சிஜனும் மருந்தும் தயாராக இருக்கும்.

பிராணி சாதாரணமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதையோ தின்றுவிட்டது என்றால் கதை வேறு. இங்கே விஷ ஹெல்ப்லைனுக்கு ஈடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் பிராணிவதைத் தடுப்புச் சங்கமான ஏஎஸ்பிசிஏ நடத்தும் விஷக் கட்டுப்பாட்டு மையமும், பெட் பாய்சன் ஹெல்ப்லைனும் இரவு பகலாக இயங்குகின்றன. பிரிட்டனில் அனிமல் பாய்சன்லைன் இருக்கிறது. இவை கட்டணம் வாங்குபவைதான். ஆனால் போனை எடுப்பவர்களுக்கு அன்றாட வேலையே விஷக் கணக்கு என்பதால், அந்தக் கட்டணம் எனக்குத் தப்பாகப் படவில்லை.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. நாய்க்குச் சாக்லேட் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஆகாது? 10 கிலோ நாய் 100 கிராம் மில்க் சாக்லேட் தின்றால் உடம்பில் சேரும் தியோபுரோமின் (சாக்லேட்டில் நாய்க்கு விஷமாகும் பொருள்) சுமார் 200 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 20. லேசான தொந்தரவு ஆரம்பிக்கும் அளவு அது. அதே 100 கிராம், இனிப்பில்லாத சமையல் சாக்லேட்டாக இருந்தால் கிலோவுக்கு 140-ஐத் தொடும். 60-லேயே வலிப்பு வரலாம். பார்க்க ஒரே அளவு கட்டிதான். என்ன வகை, எத்தனை கிராம், எத்தனை கிலோ எடை, எப்போது தின்றது என்று அவர்கள் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான். சில நேரம் "வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள்" என்றும் சொல்வார்கள், அலைச்சல் மிச்சம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் ஒரு கேஸ் நம்பர் தருவது வழக்கம். அதை வைத்து அங்குள்ள டாக்டர் அவர்களோடு நேரடியாகப் பேசிக்கொள்ளலாம்.

மனிதர்களுக்கான விஷத் தகவல் மையத்தை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகலாம்.

வீடியோ ஆலோசனையை நான் இந்த வரிசையில் கீழேதான் வைப்பேன். நொண்டுகிறது, அரிக்கிறது, கழிச்சல், கண்ணில் பீளை, காலைவரை தாங்குமா தாங்காதா என்ற குழப்பம், இவற்றுக்கு அருமையானது. ஆனால் நேரில் பார்க்காத பிராணிக்கு மருந்து எழுதப் பல நாடுகளில் அனுமதி இல்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஈறின் நிறம் கேமராவில் தப்பாகத் தெரியும். ஆனாலும் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டால், டாக்டருக்கு அந்த 30 விநாடிப் பதிவுதான் சாட்சி.

முதலுதவி ஆப்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். இதயம் நின்றுபோன பிராணிக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்த வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதை முன்கூட்டியே படித்து வைக்க ஆப் நல்ல துணை. பதற்றத்தில் இணையத்தில் தேடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வை என்ற பழைய யோசனை இன்னும் சுற்றுகிறது. அந்த உப்பே உயிரை எடுக்கும். அமிலம், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைப்பதே கூடாது. பூனைக்கு வீட்டில் முயலவே கூடாது.

அன்றைக்கு நாங்கள் ஒரு வழியாக ஹெல்ப்லைன் நம்பரைக் கண்டுபிடித்தோம். தம்பி காரை எடுத்தான், நான் பின் சீட்டில் நாயை மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். முதல் கேள்வியே, "பொட்டலத்துல மருந்தோட பேர் என்ன போட்டிருக்கு?" என்பதுதான். கிழிந்த காகிதத்தை டார்ச் வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை, அதற்கு முறிவு மருந்து உண்டு என்றார்கள். வேறொரு வகைக்கு முறிவே கிடையாதாம். நாய் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. இந்த மருந்தின் பாதிப்பு வெளியே தெரிய மூன்று முதல் ஐந்து நாள்கூட ஆகும், நன்றாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்விடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வாந்தி எடுக்க வைத்தார்கள். அப்புறம் நாலு வாரம் வைட்டமின் கே1 மாத்திரை, அதுதான் அந்த முறிவு மருந்து. கடைசி மாத்திரை கொடுத்து 48 மணி நேரம் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தார்கள். சரியாக இருந்தது.