பால்பல் விழாத பிள்ளைகளோடு லெகோலேண்ட் மலேசியா

ஜூன் விடுமுறைக்கு சென்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸா, ஜோகூரில் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பிள்ளைக்கு என்ன வயது என்பதைத்தான். எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு ஏழு, சின்னவளுக்கு நான்கு. இந்த வயதுக்கு லெகோலேண்ட்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யுனிவர்சலில் பெரிய ரோலர் கோஸ்டர்களின் வாசலில் நிற்கும் உயர அளவுகோலைப் பார்த்ததுமே சின்னதுகளின் முகம் வாடிவிடும். 2012 செப்டம்பரில் திறந்த லெகோலேண்ட், இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. அதனால் பதினைந்து வயது அண்ணனையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அவன் பாதி நேரம் கைப்பேசியும் கையுமாக நிழலில் உட்கார்ந்திருப்பான்.

கேட் திறந்ததும் நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 3 முதல் 5 வயது வரை ஜூனியர் பள்ளி தனி, 6 முதல் 13 வரை பெரிய பள்ளி தனி. கார் தண்டவாளத்தில் ஓடுவதில்லை. பிள்ளைதான் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், பிள்ளைதான் திருப்ப வேண்டும், பெரிய பள்ளியில் சிவப்பு விளக்கு விழுந்தால் நிற்கவும் வேண்டும். மூத்தவன் ஏதோ உண்மையான சோதனைக்கு வந்தவன் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு இடப்பக்கமாகவே ஓட்டினான். சின்னவள் ஓரச்சுவரில் போய் முட்டினாள், பணியாளர் வந்து திருப்பிவிட்டார், மறுபடி முட்டினாள், மறுபடி திருப்பிவிட்டார், அவளுக்கு அது கவலையே இல்லை, எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே முட்டினாள். முடிந்ததும் ஓட்டுநர் உரிமம் கிடைக்கும். அதைக் காட்டித்தான் இப்போது தாத்தா காரில் முன் இருக்கை கேட்கிறாள்.

இந்தப் பூங்காவில் எனக்குப் பிடித்ததே இதுதான். பிள்ளையை ஒரு இருக்கையில் கட்டிப்போட்டுச் சுற்றிவிட்டு இறக்கிவிடுவதில்லை, அதன் கையில் ஏதாவது வேலையைக் கொடுக்கிறார்கள். ரெஸ்க்யூ அகாடமியில் குடும்பமே தீயணைப்பு வண்டியில் ஏறி, கைப்பிடியை மாறி மாறி அழுத்தித்தான் வண்டியை நகர்த்த வேண்டும், அப்புறம் இறங்கி 'எரியும்' கட்டடத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சிவிட்டு, அதே வண்டியைத் திரும்ப ஓட்டி வர வேண்டும். பிள்ளைகள் குழாயைப் பிடித்துக்கொள்வார்கள், அழுத்துவது முழுக்க அப்பாக்கள்தான். மறுநாள் தோள் வலித்தால் ஆச்சரியப்படாதீர்கள். பவர் டவரும் அப்படியே, கயிற்றைப் பிடித்து இழுத்து நம்மை நாமே மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மினிலேண்ட் பெரியவர்களுக்கு. ஆசிய நகரங்களை இருபதில் ஒரு பங்கு அளவில், மூன்று கோடிக்கும் மேற்பட்ட லெகோ கட்டைகளால் கட்டியிருக்கிறார்கள். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் மட்டுமே கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரம். தாஜ் மகால், அங்கோர் வாட், நம்ம ஊர் மெர்லயன் எல்லாம் உண்டு. என் மாமியார் தாஜ் மகால் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தை இன்னும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் மேலே திறந்த வானம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் நண்பகல் வெயில் எப்படி இருக்கும் என்று சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் நான்கு மணிக்கு மேல் போங்கள்.

மதியத்தைக் குளிர்சாதனத்துக்குள் கழிப்பதுதான் புத்திசாலித்தனம். பில்ட் அண்ட் டெஸ்டில் சொந்தமாகக் கார் செய்து சரிவில் ஓட விடலாம், பிள்ளைகளைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 4டி அரங்கில் காற்றும் தண்ணீரும் முகத்தில் அடிக்கும், சின்னவள் என் மடியில் ஏறிக்கொண்டாள். இடி மின்னல் வந்தால் வெளியே உள்ள சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், பாதுகாப்புக்குத்தான், அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். மழைச்சட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

வீட்டில் லெகோ பொம்மை மனிதர்கள் இருந்தால் ஒன்றிரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பணியாளர் சட்டையில் குத்தியிருப்பதோடு மாற்றிக்கொள்ளலாம். காசு செலவில்லை, கூச்சப்படும் பிள்ளைகூட வாய் திறந்து கேட்கும். மூத்தவனுக்கு டிராகன் ரோலர் கோஸ்டரைவிட இதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

நீர்ப்பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, 2013இல் வந்தது. மிதவையில் உட்கார்ந்து மிருதுவான கட்டைகளை அடுக்கிக்கொண்டே ஆற்றில் மிதந்து போவது பிள்ளைகளுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையோடு இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நடக்காத காரியம். அதற்குச் சேர்த்து டிக்கெட் எடுப்பதானால் இரவு தங்குங்கள், இல்லையென்றால் நீச்சலுடைப் பையே வேண்டாம்.

துவாஸ் வழியாக இரண்டாம் இணைப்புப் பாலத்தில் போவதுதான் சுருக்கம். நம்ம பக்கச் சோதனைச்சாவடியில் கியூஆர் குறியீடு வந்தபிறகு, காரில் தூங்கும் பிள்ளையின் கடப்பிதழைத் தேடி எடுக்கும் வேலை இல்லை. சொந்தக் கார் என்றால் மலேசிய வாகன நுழைவு அனுமதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், 2025 ஜூலையிலிருந்து இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம், தவிர கிளம்பும்போது முக்கால் டாங்க் பெட்ரோலும் இருக்க வேண்டும். மாமனார் மாமியாரும் வந்ததால் நாங்கள் வேன் பேசினோம். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, காலையில் அரை மணிக்கு மேல் காக்க வைத்துவிட்டு, "ஜாம் சார்" என்று சிரித்தார் ஓட்டுநர். காலை நேரம்தான் கூட்டமில்லாத நேரம், அது போனால் டிரைவிங் ஸ்கூல் வரிசை கண்ணைக் கட்டும்.

உள்ளே சாப்பாடு பூங்கா விலைதான், எந்த ஊரிலும் அப்படித்தான். காலைப்பசியாறலைக் கனமாக முடித்துவிட்டுப் போங்கள்.

வெளியேறும் வழியில் பெரிய லெகோ கடை. கைக்கு எட்டும் உயரத்திலேயே அடுக்கியிருப்பார்கள். அங்கே இருக்கும் பெட்டிகளில் பலவும் சிங்கப்பூர்க் கடைகளிலும் கிடைக்கும், ரிங்கிட்டைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். ஆளுக்கு ஒன்று, இவ்வளவுக்குள் என்று காலையிலேயே பேசி முடித்துக்கொண்டால் அழுகை குறையும், நிற்காது. இந்தக் கடைக்கும் நேரம் விட்டு, திரும்பும் வேனை ஆறு மணிக்குச் சொல்லாதீர்கள், ஆறே முக்காலுக்குச் சொல்லுங்கள்.