வரி விளம்பரமா, வாட்ஸ்அப்பா, வாசலில் தொங்கும் அட்டையா?

போன வருஷம் ஆறு மாதத்துக்குள் மூன்று விஷயத்துக்கு ஆள் தேட வேண்டியதாகிவிட்டது. ஊத்துக்குளி பக்கம் எங்கள் தோட்டத்தில் தங்கி மாடு கன்று பார்க்க ஒரு குடும்பம், திருப்பூரில் மாடி வீட்டுக்கு ஒரு வாடகைக்காரர், அப்பா ஓட்டிக்கொண்டிருந்த டிவிஎஸ் எக்ஸ்எல்லை வாங்க ஒருத்தர். மூன்றுக்குமே பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தேன், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், செல்போன் ஆப்பில் போட்டோவோடு ஏற்றினேன், கடைசியில் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி கேட்டிலும் தொங்கவிட்டேன். நான்கும் நான்கு விதமான ஆட்களைக் கூட்டிவந்தன. எது மலிவு என்று கணக்குப் போட்டு ஆரம்பித்தவன் நான், அது தப்புக் கணக்கு. நமக்கு வேண்டிய ஆள் காலையில் எழுந்ததும் எதைக் கையில் எடுப்பார், எந்தத் தெருவில் நடப்பார் என்று முதலில் யோசித்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

தோட்டத்து ஆள் கதையிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் பேப்பர் என்னை ஆச்சரியப்படுத்தியது. முதலில் வாட்ஸ்அப்பில் போட்டேன். சொந்தக்காரர்கள் குரூப், பழைய மாணவர் குரூப், விவசாயிகள் குரூப் ஒன்று. நிறைய கட்டைவிரல் வந்தது. இரண்டு மூன்று பேர் "எனக்கும் ஒரு குடும்பம் பாத்துச் சொல்லுங்க மாமா" என்று கீழேயே எழுதினார்கள். ஆள் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே குரூப்பில் உட்கார்ந்திருக்கிறோம், வேலை தேடுகிறவர் யாரும் அதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆப்பில் போட்டதற்கு இருபது வயசுப் பையன்கள் கூப்பிட்டார்கள். "தோட்டம்னா கம்பெனியா சார்? பி.எஃப் உண்டா?" என்று ஒருத்தர் கேட்டார். கேட்டது நியாயமான கேள்விதான், எனக்குத்தான் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் வந்த அன்று விடிய ஐந்தரைக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. தாராபுரம், வெள்ளகோவில், திண்டுக்கல், கிருஷ்ணகிரி என்று எங்கெங்கிருந்தோ. கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயசுக்காரர்கள், கேட்ட கேள்விகளே அவர்கள் யார் என்று சொல்லிவிட்டன. "நாலு மாட்டுல கறவை எத்தனைங்க? சொசைட்டிக்குப் பால் யாரு கொண்டுபோய் ஊத்தறது? மோட்டாருக்குக் கரண்ட் எத்தனை மணிக்கு வரும்? தங்கற சாளை ஓட்டு வீடா, தகரமா? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரமுங்க?" நான் விளம்பரத்தில் எழுதாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது.

இதற்குக் காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. ஒருத்தர் காசு கொடுத்து வாங்கும் பேப்பரை டீக்கடையில் இருபது பேர் படிக்கிறார்கள், சலூனில் ஒரு வாரம் கிடக்கிறது. தலைப்புச் செய்தியைத் தாண்டிவிட்டு நேராக 'வேலைவாய்ப்பு' பத்திக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆப்பில் போட்டது மறுநாள் காலையில் எங்கோ அடியில் போய்விடுகிறது, பேப்பரைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த குடும்பம் கூப்பிட்டது விளம்பரம் வந்து மூன்று வாரம் கழித்து. அந்த அம்மாவின் தம்பி முடி வெட்டப்போன இடத்தில் கிழித்து எடுத்து வைத்திருந்தாராம்.

ஆனால் எழுதும் விதத்தில் நான் ஒரு தடவை பணத்தைத் தண்ணீரில் விட்டிருக்கிறேன். வரிக்கு இவ்வளவு, சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஞாயிறு என்றால் கூடுதல், கட்டம் கட்டினால் இன்னும் கூடுதல். அதனால் முதல் தடவை சிக்கனமாக "தோட்ட வேலைக்கு ஆள் தேவை, நல்ல சம்பளம்" என்று மட்டும் கொடுத்தேன். தனிக்கட்டைகளும், தினக்கூலிக்கு வருகிறேன் என்பவர்களும், எது தோட்டம் என்றே தெரியாதவர்களும் கூப்பிட்டு நாள் முழுக்கப் போய்விட்டது. இரண்டாவது தடவை "ஊத்துக்குளி அருகே தோட்டத்தில் தங்கி 4 மாடுகள் பார்த்துக்கொள்ள கணவன் மனைவி தேவை. வீடு, கரண்ட், பால் இலவசம். காலை 8 மணிக்கு மேல் அழைக்கவும்" என்று கொடுத்தேன். காசு இரட்டிப்பு, அழைப்பு பாதி, ஆனால் அத்தனையும் பேச வேண்டிய ஆட்கள். 'நல்ல சம்பளம்' என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது, அது எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் என்பதை மட்டும் யாரும் மதிக்கவில்லை.

பேப்பரில் இன்னொரு தொல்லை, முதலில் கூப்பிடுகிறவர்களில் புரோக்கர்கள் அதிகம். அவர்களுக்கு அடுத்தபடியாக வேறு பேப்பர் விளம்பர ஏஜென்ட்டுகள், "எங்க பேப்பர்லயும் ஒரு நாள் போட்டுப் பாருங்க சார்" என்று. இதற்கெல்லாம் ஒரு நாள் பொறுமை வேண்டும்.

வேலை தேடுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. 'வீட்டிலிருந்தே பேக்கிங் வேலை', 'விமான நிலையத்தில் ஆட்கள் தேவை' என்று வருவதில் பதிவுக் கட்டணம், யூனிபார்ம் கட்டணம் என்று முதலில் பணம் கேட்டால் போனை வைத்துவிடலாம். சம்பளம் கொடுக்கப்போகிறவன் நம்மிடம் ஏன் காசு கேட்கிறான்? விசாரித்துக்கொள்வது வாசகர் பொறுப்பு என்று பேப்பர்காரர்கள் பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஆப்பில் அந்தப் பொடி எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. டெய்லர் தேடி பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எந்தத் தையல் மெஷின் ஓட்டினாலும் ஒரு டெய்லர் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை காலையில் அடுத்த தெருவில் நடந்துபோய் கேட்டில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார். பீஸ் ரேட்டா ஷிப்ட்டா, ஒன்றரை ஷிப்ட் ஓடுமா, எக்ஸ்போர்ட்டா லோக்கலா என்று வாட்ச்மேனிடம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். இப்போது பல கம்பெனி வாசலில் அந்த அட்டை இந்தியிலும் இருக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நம் பேப்பர் எதற்கு, அவர்கள் ஊர்க்காரர் ஒருத்தர் உள்ளே இருந்தால் போதும், போன் போய்விடும். மெர்ச்சண்டைசர், அக்கவுண்ட்ஸ் என்றால் ஆப், இணையதளம் எல்லாம் சரி. கோயமுத்தூரில் குறிச்சி, கணபதி பக்கப் பட்டறைகளுக்கு டர்னர், சி.என்.சி. ஆபரேட்டர் தேடுகிறவர்கள் பேப்பரையும் விடவில்லை, ஐ.டி.ஐ. வாசலையும் விடவில்லை. போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு ஆள் சேர்ப்பது வாய்ச்சொல்லில் நடக்கிறது, அதில் விளம்பரத்துக்கு இடமே இல்லை.

வாடகை வீட்டுக்கு வருவோம். அழைப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆப்தான் முதலில் நிற்கும். ஆனால் பாதிப் பேர் வீடு எங்கே இருக்கிறது என்றே படிக்காமல் கூப்பிட்டார்கள், ஒரு புரோக்கர் என் வீட்டுப் போட்டோவையே எடுத்துத் தன் நம்பரோடு திரும்ப ஏற்றி வைத்திருந்தார், வாடகையை ஆயிரம் ரூபாய் கூட்டி! புரோக்கர் மூலம் போனால் வழக்கமாக ஒரு மாத வாடகை கமிஷன். பேப்பரில் வீடு போட்டால் வருகிறவர்கள் நிதானமானவர்கள், ஆனால் தெருவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். கேட்டில் தொங்கவிட்ட அட்டையைப் பார்த்து வருகிறவர் ஏற்கெனவே தெருவைப் பார்த்துவிட்டார், டீக்கடை, பஸ் ஸ்டாப், தண்ணி லாரி எல்லாம் அவருக்குத் தெரியும். என் வீடு அட்டையில்தான் போனது. நான்கில் ஆகக் குறைந்த செலவும் அதுதான்.

அட்டைக்கு ஒரு குறை உண்டு, இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாது. அதனால் நேரில் வருகிறவர் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். தனி மீட்டரா, ஒரே மீட்டரைப் பிரித்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா? அரசு தரும் இலவச யூனிட் அந்தப் பிரிப்பில் காணாமல் போய்விடும். நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை, உப்புத் தண்ணி போர் உண்டா? கோயமுத்தூர் விளம்பரங்களில் 'சிறுவாணித் தண்ணீர்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அந்த ஒரு சொல்லுக்கே வாடகை ஏறும். அப்புறம் முன்பணம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது. நம்மூரில் இன்னும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டு, 11 மாத அக்ரிமென்ட்டைப் பத்திரத்தில் அடித்து பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். நானும் முதலில் ஐந்து மாதம் கேட்டவன்தான், மறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் 'சைவம் மட்டும்' என்று அச்சிலேயே வந்துவிடும். அட்டையில் அதை எழுத மாட்டார்கள், ஆனால் மாடிப்படி ஏறுவதற்குள் "நீங்க எந்தப் பக்கம்? அங்க எந்த ஊரு? என்ன ஆளுங்க?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுவிடுவார்கள். வீடு தேடி அலைகிறவனுக்கு, வாசல் வரை வந்து திரும்புவதற்கு அச்சில் பார்த்து விலகிப்போவது ஒரு விதத்தில் மேல். இரண்டுமே அசிங்கம்தான்.

வண்டி, மிக்ஸி, கிரைண்டர், கட்டில் மாதிரிப் பொருட்களுக்கு நான் ஆப்பைத்தான் சொல்வேன். போட்டோ இல்லாமல் யாரும் பழைய பொருள் வாங்குவதில்லை, பேப்பரில் போட்டோ போட்டால் விளம்பரச் செலவு வண்டி விலையில் பாதியைத் தின்றுவிடும். எக்ஸ்எல்லை ஏற்றிய ஒரு மணி நேரத்தில் முதல் அழைப்பு. ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்க வர நேரமில்லை, சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பேரமே பேசாத ஆளைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்றார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? அது போடுவது பணம் அனுப்பத்தான். என் மகள் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடச் சொல்கிறார்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் "கடைசி ரேட்?" என்று மட்டும் எழுதுகிறவர்கள். வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. கடைசியில் பால் ஊற்றுகிற ஒருத்தர் நேரில் வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். எதில் விற்றாலும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்துவிடுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டோம், நமக்கென்ன என்று இருக்க முடியாது. பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் இருக்கிற உரிமையாளர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மாடு மட்டும் இந்த நாலு வழியிலும் வாங்கக் கூடாது. ஆப்பில் '15 லிட்டர் கறக்கும்' என்று போட்ட மாட்டைப் பார்க்க ஒரு நாள் முழுக்கப் போனேன், காலைப் பால் மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் ஏமாந்திருப்பேன், சாயங்காலமும் நின்று கறந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. மாட்டுக்குச் சந்தைதான் சரி, ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை கூடுகிறது, காங்கேயம் இன மாடு என்றால் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை. பல்லைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசலாம். தரகர் இரண்டு பக்கமும் காசு வாங்குவார் என்றாலும் அடுத்த வாரமும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும் என்பதால் அளந்துதான் பொய் சொல்வார்.

லோக்கல் கேபிள் சேனலில் கீழே ஓடும் வரியையும், பேப்பருக்குள் வைத்துப் போடும் நோட்டீஸையும் முயற்சி செய்யவில்லை. கடை திறப்புக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் அது சரி.

பேப்பர் விளம்பரத்துக்கு இன்னமும் மாதத்துக்கு ஒன்றிரண்டு அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு பெரியவர். "ஆள் கிடைச்சிருச்சுங்களே" என்றேன். "சரிங்க, பரவால்லீங்க. பக்கத்துத் தோட்டத்துல யாராச்சும் கேட்டா நம்ம நம்பரக் குடுங்க" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். நம்பரைக் கொடுத்தேன், அன்று சாயங்காலமே பேசிவிட்டார்கள்.