ஏழு வருட ஓடர்களும் ஒரு அளவுக் கொப்பியும்

2018 கடைசியில் இணையத்தில் முதல் ஓடர் போட்டேன். ஒரு பொபின் கேஸ், பத்துப் பொபின். களுவாஞ்சிகுடியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள் நான். மெஷினில் சின்னச் சாமான் ஒன்று உடைந்தாலும் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏற வேண்டும், அரை நாள் வேலை போய்விடும். அந்தப் பொபின் கேஸ் ஐந்தாம் நாள் வீட்டு வாசலுக்கே வந்தது. அன்றிலிருந்து அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஓடரையும் எழுதி வருகிறேன்: போட்ட தேதி, கொடுத்த காசு, வந்த தேதி, சாமான் எப்படி இருந்தது. இப்போது 143 வரி இருக்கிறது. அதில் 17 வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. ஏமாந்தவையும் திருப்பி அனுப்பியவையும் அவை. எனக்குப் படிப்பித்தவையும் அந்தப் பதினேழுதான்.

முதல் சிவப்புப் புள்ளி பேஸ்புக்கில் பார்த்து வாங்கிய லைனிங் துணி. சுத்தமான கொட்டன், 20 யார், 6,800 ரூபா, வீட்டுக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று போட்டிருந்தார்கள். சாமான் கைக்கு வந்த பிறகுதானே காசு, இதில் என்ன பயம் என்று நினைத்தேன். இந்த நினைப்பில்தான் நம்மில் பலர் விழுகிறோம். பார்சல் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தேன். கொண்டு வந்த தம்பி தடுத்தார்: "அக்கா, பிரிச்சுப் பாக்க ஏலாது. காசத் தாங்க, மறுகா பாருங்க." அவரில் பிழை இல்லை. பிரித்த பார்சலைத் திருப்பிக் கொண்டுபோனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். காசைக் கொடுத்தேன்.

துணியைத் தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியைப் பிடித்துப் பார்த்தேன். கொட்டன் நூல் என்றால் நின்று எரியும், கடதாசி கருகுகிற மணம் வரும், மிஞ்சுகிற சாம்பல் விரலில் பொடிந்துவிடும். இந்த நூல் நெருப்பைக் கண்டதும் சுருண்டு உருகியது. ஆறிய பிறகு நுனியில் கறுப்பாக, நகத்தால் நசுக்க முடியாத ஒரு மணி. பொலியெஸ்டர். வெயில் காலத்தில் இதைப் பிளவுசுக்கு உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்கிறவருக்கு வேர்த்து வடியும். அகலமும் 45 அங்குலம் என்று சொன்னது 36தான் இருந்தது. அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பினேன், பார்த்தார்கள், என்னைத் தடை செய்தார்கள். பார்சலில் ஒட்டியிருந்த அனுப்பியவர் பெயர் வேறு. அதிலிருந்த நம்பர் வேலை செய்யவில்லை.

வாசலில் காசு கொடுப்பது பார்சல் வந்து சேரும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு 6,800 ரூபா போனது.

அதற்குப் பிறகு ஓடர் போடும்முன் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: என் காசு போய் எங்கே நிற்கும்? பல விற்பனையாளர்கள் இருக்கிற பெரிய செயலியில் ஓடர் போட்டுக் காசு கட்டினால் அது உடனே விற்கிறவர் கைக்குப் போவதில்லை. பெரும்பாலும் சாமான் வந்து, திருப்பி அனுப்பக் கொடுத்த நாட்களும் போகும்வரை செயலிக்காரரிடமே நிற்கும். அந்த நாட்கள்தான் நமக்கிருக்கும் பிடி. ஆரம்பத்தில் கார்ட் கொடுக்கப் பயந்து எல்லாவற்றையும் வாசலில் காசு கொடுத்தே வாங்கினேன். இப்போது தெரியாத பேஸ்புக் பக்கத்தில் எதுவுமே வாங்குவதில்லை, செயலிக்குள் என்றால் தைரியமாக முன்பே கட்டுகிறேன். அதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கும் கார்டும் வைத்திருக்கிறேன். ஓடர் போடும் நாளில் தேவையான காசை மட்டும் அதில் மாற்றுவேன். தையல் காசு சேரும் கணக்கின் கார்ட் நம்பரை எந்தத் தளத்திலும் நான் அடித்ததில்லை.

இந்தப் பிடியை நம் வாயாலேயே விட்டுக்கொடுக்க வைப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2019இல் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெஷின் ஓடர் போட்டபோது விற்கிறவர் செயலியின் அரட்டையிலேயே எழுதினார்: ஓடரை ரத்துச் செய்யுங்கள், நேரே என் கணக்குக்குப் போடுங்கள், 3,000 ரூபா குறைத்துத் தருகிறேன். நான் மறுத்து வேறு ஆளிடம் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் ஊரிலேயே தையல் வேலை செய்கிற என் மச்சாள் அதே மாதிரிக் கதையை நம்பி 28,500 ரூபாவை வேறொருவருக்குப் போட்டுவிட்டார். "அக்கா அக்கா எண்டு அவ்வளவு பணிவாக் கதைச்சான், நம்பிப் போட்டன் மச்சாள்" என்று என் திண்ணையில் இருந்து அழுதார். வங்கிக்கும் பொலிசுக்கும் போனோம். காசு திரும்பவில்லை. சீட்டுப் பிடித்த காசு அது. ஓடரை ரத்துச் செய்யச் சொன்ன அந்த நிமிடத்திலேயே விலகியிருந்தால் தப்பியிருக்கலாம்.

எனக்கு வந்த மெஷினிலும் குறை இருந்தது, ஆனால் என் கையில் வீடியோ இருந்தது. வெட்டும் மேசையில் பார்சலை வைத்து, மகளிடம் போனைக் கொடுத்து, முதலில் ஒட்டிய சீட்டில் என் பெயரும் ஓடர் நம்பரும் தெரிய எடுக்கச் சொன்னேன். பிறகு ஆறு பக்கமும் திருப்பிக் காட்டி, டேப்பை வெட்டி, ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைத்தேன். நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. பக்க மூடியைத் திறந்தபோது நூலைக் கோர்க்கிற கொக்கியான கீழ் லூப்பரின் நுனி முறிந்திருந்தது, நெல்மணியின் பாதி அளவுதான். கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ஆனால் அது இல்லாமல் ஒரு தையல்கூட விழாது. வீடியோவைப் போட்டு முறைப்பாடு கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். பதினொராம் நாள் மாற்று மெஷின் வந்தது. அது இன்றைக்கும் ஓடுகிறது. ஊசியும் எண்ணெயும் தவிர வேறு செலவு வைக்கவில்லை.

மெஷின் வாங்குகிறவர்கள் மோட்டாரில் ஒட்டிய தகட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 110 வோல்ட் மோட்டாரை நேரே சொருகினால் கருகிவிடும், அதற்குத் தனி டிரான்ஸ்போமர் வேண்டும்.

விலையைப் பார்க்கிற விதமும் இந்த வருடங்களில் மாறிவிட்டது. படத்தில் முழு மெஷின், கீழே 190 ரூபா என்றிருக்கும். வகையைத் தெரிவு செய்யும் இடத்தைத் திறந்தால் அந்த 190 ஒரு ஊசிப் பைக்கட்டின் விலை. ரிவியூவில் ஐந்து நட்சத்திரத்தை நான் வாசிப்பதில்லை. இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் என்ன குறை என்று எழுதுகிறார்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களையும் பார்ப்பேன். துணிக்கான ரிவியூவில் போன் கவரின் படம் இருந்தால், விற்கிறவர் பழைய பக்கத்தில் சாமானை மாற்றிப் போட்டிருக்கிறார், அந்த நட்சத்திரங்கள் இந்தத் துணிக்கு உரியவை அல்ல.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நேரம் பவர் பேங்க் ஒன்று வாங்கினேன். மேலே 30,000 mAh என்று கொள்ளளவை அச்சடித்திருந்தது. கையில் எடுத்தபோது பாரமே இல்லை. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தோம், 190 கிராம். பத்தாயிரம் கொள்ளளவுள்ள நல்ல சாமானே ஏறக்குறைய அந்த நிறை இருக்கும், முப்பதாயிரம் அதற்குள் அடங்காது. இப்போதெல்லாம் நிறை எழுதாத பவர் பேங்கைத் தொடுவதில்லை. போன் என்றால் கைக்கு வந்ததும் *#06# அடித்து வருகிற போனின் 15 இலக்க அடையாள எண்ணை, முன்னால் IMEI என்று அடித்து இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பதில் வரும்.

ஓடர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களில்தான் பொய்ச் செய்திகள் நம்மை இலகுவாகப் பிடிக்கின்றன. முகவரி பிழை, பொதி தபாலில் நிற்கிறது, சின்னத் தொகை கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு இணைப்பு வந்தது. எனக்கு அந்த நேரம் உண்மையிலேயே ஒரு பார்சல் வர இருந்தது. கார்ட் நம்பரை அடிக்கும் இடம் வரை போய்விட்டேன். மகள்தான் மேலே இருந்த முகவரியைக் காட்டினாள், தபால் திணைக்களத்தின் தளத்துக்குக் கடைசியில் இருக்க வேண்டிய gov.lk அதில் இல்லை. கேட்டது சின்னத் தொகை என்றாலும் அவர்களுக்கு வேண்டியது கார்ட் நம்பரும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் வங்கி போனுக்கு அனுப்பும் ஓடிபி இலக்கமும்தான். இப்படி ஏதும் நடந்துவிட்டால் முதலில் வங்கிக்கு அடித்துக் கார்டை நிறுத்துங்கள், பிறகு இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற ஶ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101இல் சொல்லுங்கள்.

சாமான் பற்றிய முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, நம்பர் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில், விற்றவரின் பெயர், முகவரி இருந்தால்தான் அதற்கு வலு. அந்த லைனிங் துணிக்கு என்னிடம் இவை ஒன்றும் இருக்கவில்லை.

நமது பக்கத்துக்கே உரிய இரண்டு சங்கடம். பல வீடுகளுக்கு இலக்கம் இல்லை, கூரியர் அழைப்பு சிங்களத்தில் வரும், நாம் விழிப்போம், பார்சல் திரும்பிப் போகும். முகவரியில் "பிள்ளையார் கோயிலுக்கு எதிர் ஒழுங்கை, நீல கேட்" என்று ஆங்கில எழுத்தில் சேர்த்த பிறகு எனக்கு ஒன்றும் திரும்பவில்லை. அடுத்தது மாரி மழை. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் பாதை அடைபடும். அந்த நேரம் அவசரச் சாமான் போடுவதில்லை, கல்யாணப் பிளவுசுக்கு வேண்டிய கல்லும் மணியும் ஐப்பசிக்கு முன்பே வாங்கிவிடுவேன்.

சாரி மட்டும் ஒருநாளும் இதில் வாங்கமாட்டேன். அரை மணித்தியாலத்தில் மருதமுனை. கைத்தறிச் சாரியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கரையைத் தடவிப் பார்த்து எடுக்கலாம். நெய்தவரையே நேரே கேட்கலாம். அந்தக் காசும் நம் ஆட்களிடமே சேரும்.

போன கிழமை நூறு ஸிப் கொண்ட பைக்கட் வந்தது. வழமைபோல மகள் வீடியோ எடுக்க, பத்துப் பத்தாக மேசையில் அடுக்கி எண்ணினேன். தொண்ணூற்றாறு. வீடியோவை அனுப்பி இரண்டாம் நாள் நாலு ஸிப்பின் காசு திரும்பி வந்தது. 143ஆம் வரிக்குப் பக்கத்தில் புள்ளி வைக்கவில்லை.