லோகோ ரிப்பேர்னு சொல்லி 8,500 வாங்கிட்டாங்க. டிசிசி இன்ஜின் வைத்திருப்பவர்கள் படிங்க

கோபத்தோட எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்குங்க. மாடல் ரயில் இன்ஜினை ரிப்பேருக்குக் கூரியர்ல அனுப்ப ஆள் தேடிக்கிட்டிருந்தா, இதைப் படிச்சுட்டு அப்புறம் பணம் போடுங்க. 8,500 கொடுத்து, ஓடிக்கிட்டிருந்த இன்ஜினைப் புகைய வச்சு வாங்கியிருக்கேன்.

ஹெச்ஓ அளவு டீசல் இன்ஜின், டிகோடர் உள்ளது (தண்டவாளம் வழியா வர்ற டிஜிட்டல் கட்டளையைப் படிச்சு மோட்டாரை ஓட்டுற சின்ன போர்டு, அந்த முறைக்குப் பேர்தான் டிசிசி). கோளாறும் பெரிசா இல்லை. நேர்த் தண்டவாளத்துல அழகா போகும். பாயிண்ட் மேல, அதாவது தடம் பிரியற இடத்துல ஏறினா விளக்கு மினுக்கும், நின்னுடும். விரலால லேசா தள்ளினா திரும்பக் கிளம்பும். சக்கரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வச்சுத் துடைச்சாச்சு, தண்டவாளமும் சுத்தம். மத்த இன்ஜினெல்லாம் அதே பாயிண்டைத் தாண்டிப் போகுது. அப்போ பிரச்சினை இதோட பிக்கப்ல, அதாவது சக்கரத்துலேயிருந்து கரண்ட் எடுக்குற இணைப்புலதான்னு எனக்கே தெரியும். அந்த மெல்லிய வயர்ல சால்டர் வைக்க என் கண்ணு ஒத்துழைக்காது, அதனாலதான் வெளியே கொடுத்தேன்.

சமூக ஊடகத்துல ரிப்பேர்னு விளம்பரம் போடுற ஒரு பக்கம். பேர் சொல்லப் போறதில்லை. நம்பினது எப்படின்னு மட்டும் சொல்றேன், ஏன்னா நீங்களும் இப்படித்தான் நம்புவீங்க. வீடியோ காலில் வந்தார். மேசை மேல மல்டிமீட்டர், சால்டரிங் ஸ்டேஷன், பிரிச்சுப்போட்ட போகிகள் (இன்ஜினுக்கு அடியில இருக்குற சக்கரத் தொகுதிகள்). எடுத்ததுமே கேட்டார்: “சார், அனலாக்கா டிசிசியா? பாயிண்டோட ஃப்ராக் பிளாஸ்டிக்கா உலோகமா?” இதைக் கேக்கத் தெரிஞ்ச ஆளை யாருங்க சந்தேகப்படுவாங்க? ஃப்ராக்ங்கறது பாயிண்ட்ல ரெண்டு தண்டவாளம் குறுக்கே வெட்டிக்கிற இடம். அது பிளாஸ்டிக்னா அங்க கரண்ட் கிடையாது. அந்த இடைவெளியைத் தாண்ட ரெண்டு போகியும் கரண்ட் எடுக்கணும். அதை அவரே எனக்கு விளக்கினார்! அன்னைக்கே பெட்டி கட்டிட்டேன்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் பேச்சு மாறிடுச்சு. “டிகோடர் போச்சு சார். மோட்டாரும் ஷார்ட். ரெண்டையும் மாத்தணும், 8,500 ஆகும், முன்பணமா அனுப்பிடுங்க.” டிகோடர் போயிருந்தா நேர்த் தண்டவாளத்துல எப்படி ஓடுச்சுன்னு கேட்டேன். “அது அப்படித்தான் சார், விட்டு விட்டு வேலை செய்யும், மொத்தமா போறதுக்கு முன்னாடி.” அதே கம்பெனி டிகோடர், புது மோட்டார்னு எழுத்துலயே அனுப்பினார். 8,500 போட்டேன். ஒரு வீடியோ வந்துச்சு, இன்ஜின் சும்மா பறக்குது. நேர்த் தண்டவாளத்துல! பாயிண்ட் அந்த வீடியோவுல எங்கேயுமே இல்லை.

டிசிசியில ஒவ்வொரு இன்ஜினையும் ஒரு முகவரி எண்ணை வச்சுத்தான் கூப்பிடணும். திரும்பி வந்த இன்ஜின் நான் வச்சிருந்த எண்ணுக்கு அசையவே இல்லை. 3-ல கூப்பிட்டா வருது. சரி, புது டிகோடர்னா ஃபேக்டரி முகவரி 3 தானேன்னு சிவி 8-ஐப் படிச்சுப் பார்த்தேன் (சிவின்னா டிகோடருக்குள்ள பதிஞ்சிருக்கிற அமைப்பு எண்கள்). டிகோடர் எந்தக் கம்பெனியோடதுன்னு அந்த எண் சொல்லிடும். என் இன்ஜின் ஒவ்வொண்ணோட சிவி மதிப்பையும் நோட்டுல எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பழைய எண் வேற, இது வேற. எழுத்துல சொன்ன கம்பெனியே இல்லை. பாயிண்ட் மேல விட்டேன். அதே இடத்துல, அதே மாதிரி நின்னுச்சு.

கூப்பிட்டா, “கூரியர்ல ஆடியிருக்கும் சார்.” அடுத்த தடவை, “உங்க தண்டவாளம் அழுக்கு.” அப்புறம், “எலக்ட்ரிகல் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாதுன்னு முதல்லயே சொன்னேனே.” சொல்லவே இல்லை. சிவி 8 கதையைக் கேட்டதும், “டெக்னீஷியன் லீவு, வந்ததும் பேசச் சொல்றேன்.” அப்போ வீடியோ காலில் உக்காந்திருந்தது யாரு?

இதுக்கு நடுவுல ஒரு சாயங்காலம் ஓட்டும்போது நாத்தம். பாடிக்குள்ளேயிருந்து புகை. கழட்டிப் பார்த்தா வயிறு எரியுது. மோட்டாருக்குப் போற சாம்பல் நிற வயரை ஒட்டுப்போட்டு, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் கூட மாட்டாம, வெறும் டேப்பைச் சுத்தி விட்டிருக்காங்க. சூட்டுல டேப் நழுவி, செம்பு நேரா உலோக சேஸிஸ்ல உக்காந்திருக்கு. இந்த மாடல்ல சேஸிஸ் பாதி ஒரு தண்டவாளத்தோட இணைஞ்சது. டிசிசியில மோட்டாரோட ரெண்டு முனையும் சேஸிஸ்லேயிருந்து தனியா இருக்கணும்ங்கறது பாலபாடம். தண்டவாளக் கரண்ட் நேரா டிகோடரோட மோட்டார் அவுட்புட்டுக்குள்ள பாய்ஞ்சு, அந்த மட்ட டிகோடரும் கருகிப்போச்சு.

மோட்டாராவது புதுசா? முனையில நான் எப்பவோ எண்ணெய் போட கழட்டினப்போ வச்ச நீல மார்க்கர் புள்ளி அப்படியே இருக்கு. என் மோட்டாரேதான்! மீட்டர் வச்சுப் பார்த்தேன், ஷார்ட்டும் இல்லை ஒண்ணும் இல்லை. பின் போகியில கறுப்பு பிக்கப் வயர் சால்டர் விட்டுத் தொங்குது. மூலக் கோளாறு இது ஒண்ணுதான், அதைத் தொடவே இல்லை. ஒரு பொட்டு சால்டர் வேலைக்கு 8,500 வாங்கி, என் நல்ல டிகோடரையும் வச்சுக்கிட்டாங்க. இந்தப் படத்தையெல்லாம் அவங்க பக்கத்துலயே போட்டேன். என்னைத் தடை பண்ணிட்டாங்க.

பிக்கப் கோளாறை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். இப்போ மனசு இல்லை. அவசரத்துக்கு இது போதும்:

அனுப்பும் முன்னாடி மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில வச்சு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் டிகோடரோட சிவப்பு அல்லது கறுப்பு வயருக்கும் (ஒரு பக்கச் சக்கரம் சிவப்போட, மறுபக்கம் கறுப்போட) தொடர்பு இருக்கான்னு பாருங்க. ரப்பர் டயர் போட்ட சக்கரத்தை விட்டுடுங்க, அது கரண்ட் எடுக்காது. சிவி 8 எண்ணைக் குறிச்சு, உள்பக்கத்தைப் படம் எடுத்து வைங்க. மாத்தின பழைய பாகத்தைக் கட்டாயம் திருப்பிக் கேளுங்க. “தூக்கிப் போட்டாச்சு”ன்னா அப்பவே சந்தேகப்படுங்க. கோளாறு வர்ற இடத்துல ஓட்டிக் காட்டுற வீடியோவைப் பார்க்காம மீதிப் பணம் கொடுக்காதீங்க. முழுசும் முன்பணமா கேட்டா பெட்டியை அனுப்பவே அனுப்பாதீங்க.

பணம் போன ரசீது, எழுத்துல பேசினது எல்லாம் வச்சிருக்கேன். இதே மாதிரி டிகோடர் மாறி வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சேர்ந்து புகார் கொடுப்போம்.