ஒரே டப்பா பட்டி, நான்கு வருடம்: கதவு நின்றது, ஓட்டை நிற்கவில்லை

என் காரின் தகட்டில் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யும் பசையான பட்டியை (putty) வைத்து நானே பார்த்த வேலைக்கு இப்போது நான்கு வயது. ஓட்டுநர் பக்கக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் துரு தின்று, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே டப்பா பாலியெஸ்டர் பட்டியை வைத்து முடித்தேன். கதவு இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. வளைவு எட்டு மாதத்தில் கொப்பளித்துவிட்டது. பட்டி அதேதான், கலந்த கையும் அதேதான். வித்தியாசம் எங்கே வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதவில் பட்டியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. உள்பக்க அட்டையைக் கழற்றி, பின்னால் டாலி என்ற கனமான இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்துச் சுத்தியலால் தட்டினேன். ஒடுக்கு விழும்போது பள்ளத்தைச் சுற்றி ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டை மெதுவாகத் தட்டி இறக்கிக்கொண்டே பள்ளத்தை வெளியே தள்ள வேண்டும். பள்ளத்தை மட்டும் ஓங்கி அடித்தால் தகடு நீண்டுபோய், அழுத்தினால் உள்ளே போவதும் விட்டால் வெளியே வருவதுமாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பட்டி அடக்காது. பள்ளம் 2 மில்லிமீட்டருக்குள் வந்த பிறகுதான் சுத்தியலைக் கீழே வைத்தேன். பட்டி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டது இந்த நான்கு வருடத்தில் நல்ல பலன் கொடுத்திருக்கிறது.

பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, வெறும் தகட்டைக் கொண்டுவந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். பளபளப்பான பெயிண்டின் மேல் பூசிய பட்டி பிடிக்காது, ஓரத்திலிருந்து உரியும்.

கலப்பதில் கண்ணளவை நம்பவில்லை, தராசு வைத்தேன். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர், அதாவது பட்டியை இறுக வைக்கும் பெராக்சைடு பசை. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் போட்டால் மிச்சப்படும் பெராக்சைடு பின்னால் பெயிண்டுக்குள் ஏறிக் கறையாகத் தெரியும். குறைத்தால் உள்ளே மெத்தென்றே கிடக்கும். காகித அட்டையின் மேல் கலக்காதீர்கள், அது பட்டியிலுள்ள பிசினை உறிஞ்சிவிடும். கண்ணாடியோ பிளாஸ்டிக் பலகையோ போதும். மாவு பிசைவதுபோல் அழுத்தி மடித்து, கோடு கோடாகத் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை கலக்க வேண்டும். சுழற்றிக் கிண்டினால் காற்று புகுந்து, தேய்க்கும்போது ஊசித் துளைகளாக வெளிப்படும். நான்கைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். வெயில் நாளில் அதைவிடச் சீக்கிரம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

தேய்ப்பதற்குக் கட்டாயம் நீளமான கட்டை வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் குழியாகும். 80, பிறகு 180. மேலே கருப்புப் பொடியைத் தடவிவிட்டுத் தேய்த்தால் பள்ளம் எங்கே என்று கறுப்பே காட்டிக்கொடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை முழுதாக வைத்து நீளவாக்கில் தடவிப் பாருங்கள். கண் தவறவிட்ட மேடு பள்ளம் கைக்குத் தெரியும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் ஏறிய பிறகு, அந்த ப்ரைமரைத் தேய்க்கும்போது தண்ணீர் விடலாம். தூசிக்கும் வாடைக்கும் ஏற்ற முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பட்டியிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தலையைக் கிறுகிறுக்க வைக்கும்.

தண்ணீர் விஷயத்துக்குக் காரணம் பட்டியில் நிறைய இருக்கும் டால்க் மாவு. அது ஈரத்தைக் குடிக்கும். வளைவில் நான் கோட்டை விட்டது இங்கேதான். ஓட்டைக்குப் பின்னால் அலுமினிய வலையை வைத்து, அதன் மேல் பட்டியை அடைத்துப் பெயிண்ட் அடித்தேன். வெளியே பார்க்க அழகாகத்தான் இருந்தது. சக்கரம் வாரியடித்த சேறும் தண்ணீரும் பின்பக்கம் போய்ப் பட்டியை நனைத்துக்கொண்டே இருந்தன. ஒரு மழைக்காலம் முடிந்ததும் கொப்புளம் வந்தது. குத்தித் திறந்தால் பட்டி கட்டியாகக் கையோடு வந்தது. துரு முதலில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு பரவியிருந்தது.

இரண்டாவது முறை, வெள்ளைத் தகடு தெரியும்வரை துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்தோம். வெல்டிங் தெரிந்த நண்பர் அதே கனத் தகட்டை அளவாக வெட்டி, சூட்டில் நெளியாமலிருக்க இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்துப் பற்றவைத்தார். இரு பக்கமும் எபாக்சி ப்ரைமர் அடித்தோம். பற்றவைத்த இடத்தின் மேல் கண்ணாடி இழை கலந்த பட்டி மெல்லிசாக, அதன் மேல் சாதாரணப் பட்டி ஒரு பூச்சு. உள்பக்கம் இணைப்புகளைச் சீலர் வைத்து அடைத்து மெழுகு தெளித்தேன். மூன்று வருடம் தாண்டியும் ஒரு கொப்புளம் இல்லை.

கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், தூண், சீட் பெல்ட் மாட்டும் இடம் இவற்றில் ஓட்டை விழுந்தால் பட்டி டப்பாவை எடுக்கவே எடுக்காதீர்கள். மோதலில் வண்டியின் பாரத்தையும் உள்ளே இருப்பவர்களையும் தாங்குவது அந்த இடங்கள்தான். மேலே பூசி மறைத்தால் பலவீனம் உள்ளேயே இருக்கும், அடுத்து வாங்குபவருக்கும் தெரியாது.

கதவிலும் ஒரு குறை உண்டு. சாய்வெயிலில் பார்த்தால் பட்டியும் பழைய பெயிண்டும் சேரும் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. ஆறாவது மாதத்தில் வந்தது, அதற்குமேல் வளரவில்லை. ப்ரைமரைக் கனமாக அடுத்தடுத்து அடித்து, காய விடாமல் அன்றைக்கே பெயிண்டுக்குப் போனேன்; கரைப்பான் பிறகு மெல்ல வெளியேறியதில் பூச்சு சுருங்கியிருக்கிறது. போன மாதம் சக்கர உறையைக் கழற்றிப் பார்த்தேன். வளைவின் உள்ளே ஓரிடத்தில் மட்டும் மெழுகு உதிர்ந்திருந்தது, துரு இல்லை. அங்கே மறுபடி தெளித்துவிட்டேன்.