ஔயுயித்துக் பூங்காவுக்குப் போகிறவர்கள் படகுக்குக் காசு கட்டமுன் இதை வாசியுங்கள்

ஜூலை முதல் கிழமையில் பாங்னிர்துங் ஊரில் இருந்து படகில் ஏற்றிப்போய்ப் பூங்காவில் இறக்கிவிடுகிறோம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். நான், தம்பி, ஒரு சினேகிதன், மூன்று பேருக்கும் 1,800 டொலர் முற்பணம், விமானக் காசு வேறு.

இடம் தெரியாதவர்களுக்கு: ஔயுயித்துக் தேசியப் பூங்கா கனடாவின் வடக்கே நுனாவுட்டில், பாஃபின் தீவில் இருக்கிறது. 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், உள்ளே ஒரு வீதிகூட இல்லை. 1,250 மீட்டர் செங்குத்தாக நிற்கிற தோர் மலையைப் படத்தில் பார்த்த நாளில் இருந்து தம்பிக்கு அங்கே போக வேண்டும். ஒட்டாவாவில் இருந்து இக்கலூவிட் நகருக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலம், பிறகு சின்ன விமானத்தில் பாங்னிர்துங். அங்கிருந்து பூங்கா வாசலான ஓவர்லோர்டுக்கு, மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்த கடல்நீரேரி வழியாக இன்னும் 30 கிலோமீட்டர். எங்களை மாட்டியது இந்த 30 கிலோமீட்டர்தான்.

ஏற்பாடு செய்தவர் ரொறன்ரோவில் இருக்கிற தமிழ் ஆள். பெயரை எழுதவில்லை, வழக்கு வேலை வேண்டாம். "அண்ணை, நீங்கள் உடுப்போட வந்தால் போதும், மிச்சம் எல்லாம் எங்கட பொறுப்பு" என்றார். எங்கட ஆள்தானே என்று நானும் படகுக்காரர் யார் என்று கேட்கவில்லை. அது என் பிழை.

பாங்னிர்துங்கில் இறங்கி நீரேரியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. முழுக்க உடைந்த பனிக்கட்டி, நடுவில் கறுப்பாகத் தண்ணீர். கரையில் நின்ற உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பனி உடைகிற காலத்தில் ஸ்னோமொபைலும் ஓடாது, படகும் ஓடாது, இது ஒவ்வொரு வருடமும் நடக்கிறதுதான் என்றார். பெரும்பாலும் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை பிற்பகுதி வரை இப்படித்தானாம். எங்கள் பெயரில் அவரிடமோ ஊரில் வேறு யாரிடமோ எந்தப் பதிவும் இல்லை.

சரி, அனுமதியாவது இருக்கும் என்று பூங்கா அலுவலகத்துக்குப் போனோம். அதற்கென்று அந்த ரொறன்ரோ ஆள் தனியாகக் காசு வாங்கியிருந்தாரே. அங்கேயும் ஒன்றுமில்லை. கேட்டபோதுதான் தெரிந்தது, உள்ளே போகிற ஒவ்வொருவரும் தானே வந்து அறிமுக வகுப்பில் இருந்து பதிய வேண்டும், திரும்பி வந்ததும் வந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். பனிக்கரடி, ஆற்றைக் கடப்பது, உதவி வர நாட்கணக்கில் ஆகலாம் என்பதெல்லாம் அதில்தான் சொல்வார்களாம். வேறு ஒருவர் எங்களுக்காக முடித்து வைக்கிற வேலையே இல்லை அது. அதாவது அந்தக் காசு சும்மா வாங்கியது.

இதற்கிடையில் அவர் கொண்டுவரச் சொன்ன அடுப்பு எரிவாயுவும் கரடி ஸ்பிரேயும் ரொறன்ரோ விமான நிலையத்திலேயே போய்விட்டன. பயணிகள் விமானத்தில் இரண்டுக்கும் இடமில்லை, ஊரில் போய்த்தான் தேட வேண்டும். வடக்கே ஒரு தடவை போனவருக்குக்கூட இது தெரிந்திருக்கும்.

கரையோரமாக நடந்தே போகலாம் என்று தம்பி அடம்பிடித்தான். வற்றுப்பெருக்குச் சேறு, இடையில் ஓடைகள், கையில் ஐந்தே நாள். மறித்துவிட்டேன், இப்போதும் அதில் கோபம் அவனுக்கு. ஊரைச் சுற்றி நடந்தோம், நெசவுக் கூடத்தைப் பார்த்தோம், இராத்திரியிலும் இருட்டாத வானத்தின் கீழே பாணும் ரின் மீனும் சாப்பிட்டோம்.

நீங்கள் போவதென்றால் முதலில், தேசியப் பூங்காக்களை நடத்துகிற பார்க்ஸ் கனடாவின் பாங்னிர்துங் அலுவலகத்துக்கு அழைத்து, உங்கள் திகதியில் நீரேரி எப்படி இருக்கும், உரிமம் உள்ள படகுக்காரர்கள் யார் யார் என்று கேளுங்கள், பிறகு அந்தப் படகுக்காரரோடு நேரே கதையுங்கள். எங்கள் ஒப்பந்தத்தின் அடியில் "பனி, காலநிலை காரணமாக ரத்தானால் பணம் திரும்பாது" என்று சின்ன எழுத்தில் இருந்தது, வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

கடன் அட்டைக்காரரிடம் முறையிட்டதில் அனுமதிக்கென்று வாங்கிய காசு மட்டும் திரும்பியது. படகுக் காசு போனது போனதுதான். போன கிழமை அந்த ரொறன்ரோ ஆளுடைய இணையப் பக்கத்தைப் பார்த்தேன், ஜூலை 3 பயணம் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது, விலை மட்டும் 100 டொலர் கூடியிருக்கிறது.